பிடித்தது, பிடிக்காதது, கொடுங்கையூர்

கலைச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் ‘இது பிடித்தது, அது பிடிக்கவில்லை’ என்று பட்டியல் போடுவார்கள். ரசனை அவரவர் சொந்தச் சொத்தாம், சந்தேகம்தான். 2019இல் மயாமி பீச் ஆர்ட் பாசலில் மௌரிசியோ கட்டெலான் சுவரில் டேப் போட்டு ஒட்டிய வாழைப்பழம் 1,20,000 டாலருக்குப் போனது. 2024 நவம்பரில் சோதபீஸ் ஏலத்தில் அதன் இன்னொரு பிரதிக்கு 62 லட்சம் டாலர். ஐந்தாண்டில் பழத்தின் ருசி கூடியிருக்குமோ என்னவோ, வாங்கியவர் தின்றே பார்த்துவிட்டார்.

குப்பைக்கும் இதே ஜாதகம். கலைஞர் விவான் சுந்தரம் ‘ட்ராஷ்’ என்ற தொடருக்காக நகரக் கழிவுகளை அடுக்கி ஒரு மாநகரமாக்கிப் புகைப்படமெடுத்தார். வெள்ளைச் சுவரில் அதைப் பார்ப்பவர் தலையைச் சாய்த்து ‘நுட்பம்’ என்பார். சென்னையில் 300 ஏக்கருக்கு மேல் விரிந்த கொடுங்கையூர்க் குப்பைமேட்டைக் கடக்கும்போது கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார். கலைஞர் தேர்ந்து அடுக்கினார், மேட்டில் அப்படி யாரும் அடுக்கவில்லையே என்று கேட்கலாம். பாதி நியாயம்; சுந்தரத்தின் படங்களில் கண்ணும் உழைப்பும் உண்டு. ஆனால் பிளாஸ்டிக், இரும்பு, கண்ணாடி என்று பொறுக்குகிறவர்களும் தேர்ந்துதான் பிரிக்கிறார்கள், அதற்குக் காயலான் கடையில் கிலோ கணக்கில்தான் விலை. நாற்றம்தான் வித்தியாசம் என்றால், பட்டியலில் முதலிடம் ஏசிக்குத்தான் போக வேண்டும். கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025இல் வடசென்னைக்காரர்கள் மனிதச் சங்கிலியாக நின்றபோது, பிடிக்காததற்குக் காரணம் சொல்ல அவர்களுக்கு எந்தக் கேட்டலாகும் தேவைப்படவில்லை.