கையெழுத்துப் போட்ட சார்வாளுக்கு

கோவிச்சுக்கிடாதீங்க சார்வாள். "கேள்வித்தாளை முழுசா வாசிச்சுட்டு அப்புறமா பேனாவைத் திறங்கலே"ன்னு ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பிரம்பால பாடம் நடத்துனவுக நீங்க. எங்க வீட்டுப் பயலும் உங்க கையால வாங்கியிருக்கான். அப்பேர்ப்பட்ட ஆளு பாங்குல ஏசி ரூம்புக்குள்ள உக்காந்து, அவுக வாங்கிக் குடுத்த டீயைக் குடிச்சுக்கிட்டே, அந்தப் பொண்ணு விரலை வச்ச இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கீங்க. நான் அஞ்சாப்போட நின்னவன். எழுத்துக்கூட்டி முதப் பக்கத்தை நான் முடிக்கதுக்குள்ள அவுக பாங்கைப் பூட்டிட்டுப் போயிருவாவ. படிச்சவுகளை ஏமாத்துறது லேசு. பேனா சட்டைப் பையிலயே தயாரா இருக்கும்லா.

என்ன நடந்துச்சுன்னு நீங்க சொல்லவே வேண்டாம், நான் சொல்லுதேன். எஃப்.டி. முடிஞ்சிருக்கு, புதுப்பிக்கப் போயிருக்கீங்க. "எஃப்.டி.யில என்னப்பா வட்டி கிடைக்குது? இது பெரியவங்களுக்குன்னே வந்த திட்டம். இன்னிக்குச் சாயங்காலத்தோட முடியுது"ன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கும். ஒரு தடவை கட்டுனாப் போதும்னு நீங்க நினைச்சிருப்பீங்க. அது வருசா வருசம் கட்டணும், பத்து வருசம் கட்டணும். உங்க வயசுக்குக் காப்பீடு தர மாட்டாவன்னு பாலிசியைத் தூக்கி மகன் தலையிலயோ பேரன் தலையிலயோ எழுதியிருப்பாவ. பென்சனை மட்டும் வச்சுக்கிட்டு மாத்திரை வாங்குத உங்களுக்கு, வருமானம்னு ஒரு பெரிய ஏவாரிக்குரிய தொகையைப் போட்டிருப்பாவ. சந்தேகம்னா பாலிசி புஸ்தகத்தோட பின்னாடி நீங்க கையெழுத்துப் போட்ட விண்ணப்பத்தோட நகல் இருக்கும், எடுத்துப் பாருங்க. உங்களைப் பத்தி உங்களுக்கே தெரியாத நல்ல சேதியெல்லாம் அதுல இருக்கும்.

உங்களைக் குத்தம் சொல்லுதேன்னு நினைக்காதீங்க. பெத்த மகன் ஞாயித்துக்கிழமைக்கு ஒரு தடவை போன்ல "சாப்பிட்டியா"ன்னு கேக்கான், நீங்க பதில் சொல்லதுக்குள்ள வச்சிருதான். அந்தப் பொண்ணு அரை மணி நேரமும் "அப்பா, அப்பா"ன்னு கூப்பிட்டு, முட்டுவலியை விசாரிச்சு, செத்துப்போன மதினியைப் பத்திக் கேட்டு உச்சுக் கொட்டியிருக்கும். மனசு இளகத்தான் செய்யும். அந்தப் பொண்ணும் பாவம். அதுக்கு மேல ஒருத்தன், அவனுக்கு மேல ஒருத்தன், இந்த மாசம் எத்தனை பாலிசின்னு கேட்டு உசிரை எடுப்பான். மார்ச் மாசம் வந்தா இன்னும் மோசம். பாங்கு உங்க பணத்தைக் காக்குற இடம்தான், ஆனா இன்சூரன்ஸ் விக்கிற நேரத்துல அது கமிஷனுக்கு நிக்கிற ஏஜென்டு. மேலப்பாளையம் சந்தையில மாடு பிடிக்கப் போனா தரகன் துண்டுக்குள்ள விரலைப் பிடிக்குத வரைக்கும் நாம அவன் மூஞ்சியைப் பாக்க மாட்டோம், மாட்டோட வாயைத் திறந்து பல்லைத்தான் எண்ணுவோம். நீங்க தரகனோட பல்லைப் பாத்துட்டு வந்திருக்கீங்க. சிரிச்ச மூஞ்சி, நல்ல வரிசைப் பல்லு, ஒத்துக்கிடுதேன்.

இப்ப சூட்சுமத்துக்கு வாரேன். விக்கும்போது அவுகளுக்கு ஒரு நிமிசம் பொறுக்காது. திருப்பிக் கேட்டுப் பாருங்க, ஊர்ல உள்ள பொறுமையெல்லாம் அவுககிட்டதான் இருக்கும். "மேனேஜர் டிரெயினிங் போயிருக்கார்." "சிஸ்டம் டவுன் அப்பா." "அடுத்த வாரம் நானே வீட்டுக்கு வாரேன்." "ஒரு வருசம் மட்டும் கட்டுங்க, அப்புறம் வேற திட்டத்துக்கு மாத்திருவோம்." நீங்களும் நல்ல மனுசன்கிறதால, பிள்ளை சொல்லுதேன்னு திண்ணையில காத்துக்கிட்டு இருப்பீங்க. இவ்வளவு பாசமா எதை எதிர்பாத்துக்கிட்டு இருக்காவ தெரியுமா? முப்பதாம் நாளை.

பாலிசி கைக்கு வந்த நாள்லேந்து 30 நாள் வரைக்கும் வேண்டாம்னு திருப்பிக் குடுக்கலாம் சார்வாள். ஃப்ரீ லுக்னு அதுக்குப் பேரு. முந்தி தாள்ல வந்த பாலிசிக்கு 15 நாள்தான் இருந்துச்சு. 2024-ல இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் எல்லாத்துக்கும் 30-ன்னு ஆக்கிட்டு. நீங்க பணம் கட்டுன தேதி இதுக்குக் கணக்கில்லை, பாலிசி உங்க கைக்கு வந்து சேந்த தேதிதான் கணக்கு. அதனால அது வந்த கவரைத் தூர எறிஞ்சிருந்தா குப்பையைக் கிளறியாவது எடுத்துட்டு வாங்க. அதுல உள்ள தபால் முத்திரைதான் உங்க சாட்சி. அப்புறம் இன்னொண்ணு. விண்ணப்பத்துல போன் நம்பரும் ஈமெயிலும் யாருதுன்னு பாருங்க. சில கெட்டிக்காரப் பயக தங்க நம்பரையே எழுதி வச்சிருப்பானுவ. பாலிசி அவனுக்கே போகும், எச்சரிக்கை அவனுக்கே போகும், உங்களுக்கு வாரது ரெண்டாம் வருசத் தவணை மட்டும்தான். அப்படி இருந்தா அதையும் எழுத்துல சொல்லணும்: பாலிசி எனக்கு வந்தே சேரலை, என் விவரம்னு போட்டது என் விவரம் இல்லைன்னு.

எழுத்துலன்னு சொன்னேன், கவனிச்சீங்களா? பாங்குக்கு நேர்ல போயி சத்தம் போடுததுல ஒரு புண்ணியமும் இல்லை. அவுக தண்ணி குடுப்பாவ, ஃபேனை உங்க பக்கம் திருப்பி வைப்பாவ, நீங்க ஆறிப்போயி வந்திருவீங்க. ஒரு தாள் போதும். உங்க வழக்கப்படி 'பெருமதிப்பிற்குரிய'ன்னு தொடங்கி நாலு பக்கத்துக்குத் திருக்குறளோட எழுதிராதீங்க. பாலிசி எண் இது, கைக்கு வந்த தேதி இது, வருசா வருசம் கட்டணும்னு எனக்குச் சொல்லலை, ஃப்ரீ லுக் காலத்துக்குள்ள ரத்து பண்ணிப் பணத்தை என் கணக்குல போடவும். முடிஞ்சு போச்சு. மூலப் பாலிசியைக் குடுத்தா நகல் எடுத்து வச்சுக்கிடுங்க. இன்சூரன்ஸ் கம்பெனி கிளையில குடுத்து உங்க நகல்ல தேதியோட சீல் வாங்குங்க. "சீல் எதுக்குப்பா, நான் இருக்கேன்ல"ம்பாவ. "நீ இருக்கம்மா, நான் இருக்கணும்ல"ன்னு சிரிச்சுக்கிட்டே நில்லுங்க. சீல் விழுந்தாத்தான் இடத்தை விட்டு நகரணும். அதே தாளை ஈமெயில்லயும் பேரப்பிள்ளையை விட்டு அனுப்பச் சொல்லுங்க. தபால்ல அனுப்புனா ஸ்பீடு போஸ்ட்டு. நீங்க நினைச்சுக்கிட்டு இருக்க பழைய ரிஜிஸ்தர் தபாலை 2025-லேந்து அதுக்குள்ளயே சேத்துட்டாவ. ரசீதைப் பஞ்சாங்கத்துக்குள்ள வச்சு மறந்துராதீங்க. பாங்குக்கும் ஒரு நகல் போகணும், வித்தது அவுகதானே.

பணம் முழுசா வருமான்னு கேப்பீங்க. முத்திரைத் தீர்வை, டாக்டர் பரிசோதனை நடந்திருந்தா அந்தச் செலவு, இத்தனை நாளைக்குக் காப்பீடு இருந்ததுக்கு உண்டான ஒரு சின்னத் தொகை, இதுகளைக் கழிச்சுக்கிட்டு மிச்சம் வரும். பங்குச் சந்தையோட சேந்த யூலிப்பு பாலிசின்னா அன்னைய யூனிட் விலைப்படி கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். கடுதாசி போயி 7 நாளைக்குள்ள தந்தாகணும்னு விதி. இதுக்கு மேல எதையாவது கழிச்சான்னா அடுத்த கடுதாசி.

முப்பது நாள் தாண்டிப்போன ஆளுக கதையும் உண்டு, அதுக்கும் வழி அடைச்சுப் போகலை. என்ன, இனிமே வேண்டாம்னு சொன்னா மட்டும் போதாது. பொய் சொல்லி வித்தாவன்னு சொல்லணும். இன்சூரன்ஸ் கம்பெனியில குறைதீர்ப்பு அதிகாரின்னு ஒருத்தர் இருப்பாரு, அவருக்கு எழுதணும். அவுக உடனே ஒரு ஒலிப்பதிவைத் தூக்கிக் காட்டுவாவ. பாலிசி குடுக்கதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு போன் வந்துச்சுல்லா? "எல்லாத்துக்கும் எஸ் எஸ்னு மட்டும் சொல்லுங்கப்பா"ன்னு அந்தப் பொண்ணு பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்துச்சுல்லா? வகுப்புல பாத்து எழுதுன பயலைப் பெஞ்சு மேல ஏத்துன கை, அன்னைக்குப் பக்கத்து ஆளு சொன்னதை அப்படியே ஒப்பிச்சிருக்கு. பரவாயில்லை. அந்தப் பதிவு எனக்கும் வேணும்னு கேளுங்க. உங்க வருமானம், வயசு, எஃப்.டி. முடிஞ்ச அதே தேதியில பாலிசி தொடங்குனது, இதெல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சா எந்தப் பதிவும் முழுசா மறைச்சிராது. பென்சன்காரன் எந்தப் புத்தியில பத்து வருசம் தவணை கட்டுவான்னு யாரும் யோசிப்பாவ.

ஒரு மாசம் பாத்துட்டு அவுக பதில் தரலைன்னாலோ, தட்டிக் கழிச்சாலோ, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். நமக்குச் சென்னை தேனாம்பேட்டையில இருக்கு. ஆனா மெனக்கெட்டு ரயில் ஏற வேண்டாம், ஆன்லைன்லயே புகார் குடுக்கலாம், விசாரணையும் வீடியோவுல நடத்துதாவ. காசு கிடையாது. வக்கீலும் கூடாது, அதுதான் எனக்குப் பிடிச்ச இடம். 50 லட்சம் வரைக்கும் தீர்ப்பு சொல்லுற அதிகாரம் இருக்கு, கம்பெனி கட்டுப்பட்டாகணும். நமக்குப் பிடிக்கலைன்னா நாம கன்ஸ்யூமர் கமிஷனுக்குப் போகத் தடை இல்லை. கம்பெனி கையை விரிச்ச தேதியிலேந்து ஒரு வருசத்துக்குள்ள போகணும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும். "சரண்டர் பண்ணிருங்க, வந்தது லாபம்"னு பாங்குல புத்தி சொல்லுவாவ. கேக்காதீங்க. நீங்களா முறிச்சுக்கிட்டா அது உங்க நட்டம், அவுக தப்புன்னு நிரூபிச்சாத்தான் அது அவுக நட்டம்.

உங்க மச்சினர் கதை வேற தினுசு. பொருட்காட்சியில ஒரு சீட்டுல பேரு எழுதிப் போட்டாராம், பரிசு விழுந்துருச்சாம், சம்சாரத்தோட ஓட்டலுக்கு வந்து வாங்கிக்கிடுங்கன்னு போன். ரெண்டு பேரையும் சேத்துக் கூப்பிட்டதுல உள்ள நெளிவைப் பாருங்க: "வீட்டுல கேட்டுச் சொல்லுதேன்"னு தப்பிச்சு வந்துரக் கூடாதுல்லா! பாட்டைச் சத்தமா வச்சு, பக்கத்து மேசையில ஒருத்தன் வாங்குன உடனே கையைத் தட்டி, மூணு மணி நேரம் உக்கார வச்சு, கடைசியில கார்டைத் தேச்சு 25 வருசத்துக்கு வருசம் ஒரு வாரம் மலைப்பிரதேசத்துல தங்குற உரிமையை வித்திருக்காவ. மனுசனுக்கு எழுபத்தாறு. நூத்தியோரு வயசுல கொடைக்கானல்ல குதிரை ஏறப் போறாரு போல. பரிசா வந்த பிளாஸ்கு வேற ஒழுகுது.

அவருக்குச் சொல்லுங்க: ஒப்பந்தத்துல பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வச்சுப் பாக்கச் சொல்லுங்க. சில கம்பெனிக இத்தனை நாளைக்குள்ள ரத்துன்னா பணம் வாபஸ்னு அதுலயே எழுதியிருப்பாவ, வாயால மட்டும் சொல்ல மாட்டாவ. கார்டு குடுத்த பாங்குக்கு அன்னைக்கே தகராறுன்னு எழுதணும். தேச்ச தொகையை ஈ.எம்.ஐ. ஆக்கியிருக்கானான்னு பாக்கணும். மசியலைன்னா 1915-க்குப் போன் போட்டு தமிழ்லயே சொல்லலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதுக்கும் மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் கமிஷன். கம்பெனி ஆபீசு மும்பையில இருந்தாலும் நீங்க இருக்க ஊர்லயே வழக்குப் போடலாம்னு 2019 சட்டம் சொல்லுது, 5 லட்சம் வரைக்கும் கட்டணமும் கிடையாது, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். 'பணம் எந்தக் காரணத்துக்கும் திருப்பித் தரப்படாது'ன்னு கொட்டை எழுத்துல அச்சடிச்சிருக்குன்னு மிரளாதீங்க. ஒருதலைப்பட்சமான ஒப்பந்தம் செல்லாதுன்னு சொல்லவும் அந்தச் சட்டத்துல இடம் இருக்கு. அப்படிச் செல்லாதுன்னு சொல்லுற அதிகாரம் மாவட்டக் கமிஷனுக்கு இல்லை, மாநிலக் கமிஷனுக்குத்தான். ஆனா பொய் சொல்லி வித்தான்கிற புகாருக்கு நம்ம மாவட்டமே போதும்.

உங்க வீட்டுக்கே வந்து காந்த மெத்தை வித்துட்டுப் போனவன் கதைக்கு நான் வரலை. நேரடி விற்பனைக் கம்பெனி ஆளுன்னா அடையாள அட்டையோட, முன்கூட்டியே கேட்டுட்டுத்தான் வீட்டுக்கு வரணும்னு 2021-லயே விதி போட்டிருக்கு. வந்தவன்கிட்ட அட்டையைக் கேட்டீங்களான்னா, மோர் குடுத்தேன்ங்கீங்க.

எல்லாத்தையும் விடப் பெரிய தடங்கல் ஒண்ணு இருக்கு, அது பாங்குல இல்லை, உங்க வீட்டு நடுக்கூடத்துல இருக்கு. மகன்கிட்ட சொன்னா "அறிவிருக்காப்பா"ன்னு ஏசுவானேன்னு பாலிசியை டிரங்குப் பெட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கீங்க. கம்பெனிக்கு வக்கீலுக்கு அடுத்தபடி பெரிய துணை இந்த வெக்கம்தான். ஏசட்டுமே சார்வாள். அவன் மார்க் சீட்டை ஒளிச்சு வச்ச அன்னைக்கு நீங்க ஏசாத ஏச்சா? சமமாப் போகட்டும்.

ஒண்ணே ஒண்ணு. இப்படிப் பணம் மாட்டிக்கிட்ட ஆளுகளோட பட்டியலை வச்சுக்கிட்டு இன்னொரு கூட்டம் போன் போடுது. "நாங்க ஆம்புட்ஸ்மேன் ஆபீசு, உங்க பாலிசியில போனஸ் நிக்குது, மொதல்ல ஜி.எஸ்.டி. மட்டும் கட்டிருங்க, மொத்தமா வந்துரும்"ம்பான். எந்த ஆம்புட்ஸ்மேனும், எந்த ஒழுங்குமுறை ஆணையமும் போன் போட்டு போனஸ் தர மாட்டாவ, பணமும் கேக்க மாட்டாவ. கேட்டதும் கட்டிட்டீங்கன்னா அந்த நிமிசமே 1930-க்கு அடிக்கணும், அது சைபர் குற்றத்துக்கு. கட்டுறதுக்கு முன்னாடின்னா போனை எங்கிட்ட குடுங்க. நான் அவனுக்கு எழுத்துக்கூட்டி ஒவ்வொண்ணா விளக்கம் கேக்குதேன். எனக்கும் மத்தியானப் பொழுது போகணும்லா.