வாக்கிய ஈற்றில் நிற்கும் 'வித்'

கேள்வி: 'ஹீ இஸ் ஈஸி டு கெட் ஆன் வித்' என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்களே! முடிவில் 'ஹிம்' சேர்க்க வேண்டாமா? 'வித்' அநாதையாக நிற்கிறதே?

பதில்: அநாதை அன்று, அன்பரே, அதன் நாதன் வாக்கியத்தின் தலையிலேயே வீற்றிருக்கிறான். 'ஈஸி', 'ஹார்ட்', 'டிஃபிகல்ட்' முதலிய விசேஷணங்களுக்குப் பின் 'டு' என்பதோடு வினை தொடருமிடத்து, எழுவாயாக முன்வந்தவனே அர்த்தத்தில் அவ்வினையின் செயப்படுபொருளாகவும் விளங்குவதால், 'ஹிம்' என்று மீண்டும் சொல்வது நம் நன்னூலார் விலக்கிய கூறியது கூறல் என்னும் குற்றமாம். 'வித்' என்பதை வெட்டிவிட்டாலோ குன்றக் கூறல் என்னும் குற்றமாம்.

ஆயினும் எல்லா விசேஷணங்களும் ஒரே ஜாதியல்ல. 'ஷீ இஸ் ஈஸி டு லுக் ஆஃப்டர்' என்றால் அவளைப் பிறர் பராமரிப்பது சுலபம். 'ஷீ இஸ் ஈகர் டு லுக் ஆஃப்டர் ஹிம்' என்றாலோ பராமரிக்கத் துடிப்பவள் அவளே. ஆகையால் அங்கே 'ஹிம்' அவசியம். 'ஈஸி', 'ஈகர்' என்னும் இவ்விரட்டையரின் உள்ளமைப்பு வேற்றுமையை மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி 1960-களில் எடுத்துக்காட்டிப் பிரசித்தமாக்கினார்.

ஐயம் எழுந்தால் 'இட் இஸ் ஈஸி டு லுக் ஆஃப்டர் ஹர்' என்று மாற்றிப் பாருங்கள். பொருள் மாறாதாயின், முந்தைய வடிவில் ஈற்றிடத்தைத் தைரியமாகக் காலியாக விடலாம். வாக்கிய ஈற்றில் 'வித்', 'ஆஃப்டர்' போன்ற சொல் நிற்பதை ஆங்கிலக் கவிஞர் டிரைடன் 1672-இல் கண்டித்தார் என்பது மெய்யே. ஆனால் அது ஆங்கிலத்தின் இயல்பான நடையே என்று 1926-இல் ஆங்கில நடை நூலாசிரியர் ஃபவுலர் வாதாடினார். ஃபவுலர் பக்கமே நியாயம்.