பிடிபட்டது தமிழ்

‘அம்மா’ என்று தட்டினேன். திரையில் ஏ, எம், எம், ஏ, ஏ என்று ஐந்து ஆங்கில எழுத்துகள் வந்து நின்றன. இன்னொரு முறை தட்டினேன். அதே ஐவர். மணி இரவு பதினொன்றரை. தீபாவளி மலருக்கு மறுநாள் பத்து மணிக்குள் கட்டுரை போயாக வேண்டும்.

அப்போதுதான் வலது கீழ் மூலையில் அந்தச் சிவப்புக் கட்டத்தைப் பார்த்தேன். அபாயம் ஒன்று தடுக்கப்பட்டுவிட்டதாம். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லையாம். எதைத் தடுத்தது என்று பார்த்தால், பதினைந்து வருஷமாக நான் பிழைப்பு நடத்தும் தமிழ்த் தட்டச்சு மென்பொருளை.

ஆன்டிவைரஸ் வீட்டுக்கு வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. காரணம் ஜெராக்ஸ் கடை. பிரிண்ட் எடுக்கப் போன பென் டிரைவ், திரும்பி வந்ததிலிருந்து சரியில்லை. ‘கட்டுரைகள்’ ஃபோல்டர் பழையபடி மஞ்சளாகத்தான் இருந்தது. ஆனால் அது ஃபோல்டர் இல்லை. ஃபோல்டரின் படத்தை ஒட்டிக்கொண்ட ஒரு புரோகிராம். நிஜ ஃபோல்டரைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டு, அதன் பெயரில் உட்கார்ந்திருந்தது. கோப்புப் பெயரின் கடைசியில் இருக்கும் ‘எக்ஸி’ என்கிற வாலைப் பார்த்தால் தெரிந்துவிடும். விண்டோஸ் அந்த வாலைத்தான் மரியாதைக்காக மறைத்து வைத்திருக்கிறது.

கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ணும் தம்பி வந்து எல்லாவற்றையும் துடைத்து, ஆன்டிவைரஸ் போட்டுக் கொடுத்தான். வேலை செய்கிறதா என்று காட்ட, நோட்பேடில் 68 எழுத்துள்ள ஒரு வரியைப் போட்டுச் சேமித்தான். உடனே சிவப்புக் கட்டம் துள்ளி எழுந்தது. “பாத்தீங்களா சார்!” என்றான். ஐகார் சோதனைக் கோப்பு என்று அதற்குப் பெயர். ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யாது. ஆனால் இதைப் பார்த்தால் கத்தவேண்டும் என்று ஆன்டிவைரஸ் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. நான் அசந்துபோய் இருநூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அவனிடம் புலம்பியபோது, “சார், அது உங்க சாஃப்ட்வேரை கீலாக்கர்னு நெனச்சிருச்சு” என்றான். விளக்கமும் சொன்னான். பாதிதான் புரிந்தது. மீதியைப் புரியவைத்தது என் பெரியம்மா.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் பெரியம்மா மண்டப வாசலில், சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். யாரும் நியமித்ததில்லை. முதல் வேலை, பழைய கேடிகளைக் கண்டுபிடிப்பது. சட்டை மாறலாம், மீசை போகலாம், இடது காதில் உள்ள வெட்டு எங்கே போகும்? ஆன்டிவைரஸும் அப்படித்தான். எங்கேயாவது ஒரு வைரஸ் சிக்கினால், அதற்கென்றே உரிய ஒரு துண்டைக் குறித்துக்கொண்டு, அந்தப் பட்டியலைத் தினமும் வீடு வீடாக அனுப்புகிறது. முழுக் கோப்பின் கைரேகையை மட்டும் நம்ப முடியாது. ஓர் எழுத்தை மாற்றினால் கைரேகையே வேறு.

1990 வாக்கில் வைரஸ்களில் இன்னொரு சாதி வந்தது. ஒவ்வொரு பிரதியிலும் உடம்பையே வேறு மாதிரி கலைத்துக்கொள்ளும். அதற்கு ஆன்டிவைரஸ் ஒரு பொம்மைக் கணினியை உள்ளேயே வைத்துக்கொண்டு, வந்தவரை அதில் கொஞ்ச நேரம் ஓடவிடுகிறது. ஓட வேண்டுமென்றால் வேஷத்தைக் கலைத்துத்தானே ஆகவேண்டும்? பெரியம்மா இதை, “உக்காருங்க, காப்பி சாப்பிட்டுட்டுப் போலாம்” என்று செய்வாள்.

வம்பு வருவது புது முகங்களிடம். இங்கே மார்க் போட வேண்டியிருக்கிறது. மொய் எழுதவில்லை, ஒன்று. நேரே பந்திக்குப் போகிறார், இரண்டு. பெண் பேரைக் கேட்டால் இருமுகிறார், மூன்று. தனித்தனியாக எதுவும் குற்றமில்லை (இரண்டாவது என் வழக்கம்). கூட்டுத்தொகை எல்லையைத் தாண்டினால் ஆள் காலி. அண்ணன் மகள் கல்யாணத்தில் அப்படிப் பிடிபட்டவர் மாப்பிள்ளையின் சொந்தச் சித்தப்பா. மும்பையிலிருந்து ரயிலில் பசியோடு வந்தவர். சமாதானமாக இரண்டு வருஷம் ஆனது. அதே கல்யாணத்தில் பட்டு வேட்டி கட்டி எல்லாரையும் “மாமா” என்று கூப்பிட்ட ஒருவர், வெள்ளிச் சந்தனக் கிண்ணத்தோடு கம்பி நீட்டினார். கணினி உலகிலும் பட்டு வேட்டி உண்டு. டிஜிட்டல் கையொப்பம் என்பார்கள். 2010-இல் அகப்பட்ட ஸ்டக்ஸ்நெட், தைவான் கம்பெனிகளிடம் திருடிய கையொப்பத்தைக் கட்டிக்கொண்டுதான் வந்தது.

இப்போது என் தமிழ் மென்பொருளுக்கு மார்க் போட்டுப் பாருங்கள். கணினி விழித்ததும் தானும் விழிக்கிறது. நான் எந்தச் சாளரத்தில் எழுதினாலும் ஒவ்வொரு விசையையும் ஒட்டுக்கேட்கிறது. எம் தட்டினால் ‘ம்’ போடுகிறது; அடுத்து ஏ தட்டினால் யாருக்கும் சொல்லாமல் புள்ளியை அழித்து ‘ம’ ஆக்குகிறது. கீலாக்கர் என்கிற பாஸ்வேர்டு திருடனும் இப்படித்தான் ஒட்டுக்கேட்பான். அவனாவது எழுத்தை மாற்றமாட்டான். கையொப்பமும் இல்லை, இலவசமாகக் கொடுத்த புண்ணியவான் அதற்கு வேறு காசு கட்டுவாரா? போதாக்குறைக்கு, உலகத்தில் எத்தனை கணினிகளில் இந்தக் கோப்பு இருக்கிறது என்றும் ஒரு கணக்குப் பார்க்கிறது ஆன்டிவைரஸ். அங்கேயும் நாம் சிறுபான்மை.

நல்லவேளை, கொன்றுபோடவில்லை. கோப்பை ஓட முடியாதபடி கலைத்துப் பூட்டி வைத்திருந்தது. குவாரன்டைன்; கொரோனாவில் நாமும் இருந்து பார்த்ததுதான். “வெளிய எடுத்து விலக்குப் பட்டியல்ல போட்டுரலாம் சார். ஆனா கம்பெனிக்கும் எழுதிப் போடுங்க, மத்தவங்களுக்கு உதவும்” என்றான் தம்பி. சாயங்காலம் வந்து எடுத்துத் தருவதாகவும் சொன்னான்.

கம்பெனியின் படிவத்தில் ‘இது ஏன் அபாயம் இல்லை என்று கருதுகிறீர்கள்?’ என்று கேட்டிருந்தது. நிறைய யோசித்து, ‘இது தமிழ்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன்.

மலர் சாயங்காலம் வரை காத்திருக்குமா? கட்டுரையைக் கையால் வெள்ளைத் தாளில் ஒன்பது பக்கம் எழுதி, செல்போனில் படம் பிடித்து அனுப்பினேன். கால் மணி நேரத்தில் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது: “சார், ஏதோ வைரஸ் மாதிரி வந்திருக்கு. தமிழில் அனுப்ப முடியுமா?”