ஜேமர்சனின் சீடர்கள்

டெட்ராய்ட் மோடவுன் பாடல்களுக்கு பேஸ் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். வலக்கையில் ஒரே விரலால் மீட்டுவார். நம்ம அமெச்சூர் பேஸ்காரர்கள் அவரிடமிருந்து முதல் பாடத்தை மட்டும் கசடறக் கற்றுவிட்டார்கள். கம்பி துருப்பிடித்திருக்கிறதே என்றால், "அதுதாங்க டோன்!"

கிட்டார்காரர் வேறு ரகம். எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பியையும் அழுத்தினால் பாதிக் கம்பி ஊமை. பயிற்சி போதவில்லை என்பாரா? பெடல் வாங்குவார். அப்புறம் அதற்கு அடாப்டர், அதை வைக்க ஒரு பலகை. மனைவி விலை கேட்டால் பாதிதான் சொல்வார். அதில் மட்டும் தாளம் தப்பாது.

கல்யாண வரவேற்புக் கச்சேரி முடிந்ததும் ஒரு பெரியவர் பேஸ்காரரைத் தனியே அழைத்துக் கேட்டார்: "மீதி ரெண்டு கம்பி எப்ப தம்பி மாட்டுவீங்க?"