கூழுக்குள் போளை

நல்லூர்க் கொடியேறும் காலத்தில் ஏ9 வீதியால் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்குவார்கள். அவர்களோடு இன்னொரு பிறவியும் வந்திறங்கும். தோளில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் கமெரா, வாயில் ‘ஒறிஜினல்’ என்ற ஒரே சொல். நாங்கள் அவரைப் புத்தகத்தம்பி என்போம். உலகச் சமையல் புத்தகம் ஒன்று போடுகிறார். அதிலே வன்னிக்கு நாலு பக்கம். அந்த நாலு பக்கத்துக்காக விசுவமடுவில் எங்கள் வீட்டு அடுப்பு நாலு நாள் அணையவில்லை.

இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை இலட்சத்தோடு கடனும் பட்டுக் கட்டின வீடு. குசினிக்கு மாபிள் பதித்திருக்கிறோம். புத்தகத்தம்பி அதை எட்டிப் பார்த்துவிட்டு நேரே பின்வளவுக் கொட்டிலுக்குப் போனார். “இதுதான் ஒறிஜினல்.” அம்மா கண்ணாடி அலுமாரியைத் திறந்து, விருந்தினருக்கென்று வைத்திருந்த பூப்போட்ட கோப்பைகளை எடுத்து வந்தா. அவருக்குப் பிடித்தது கோழிக்குத் தண்ணீர் வைக்கிற கறள் பேணி. அன்று முழுக்கக் கோழி அவர் காலடியிலேயே நின்றது.

அம்மம்மா வற்றாப்பளைப் பொங்கலுக்கு உடுத்த சேலையைக் கட்டி, பவுடரும் பூசிக்கொண்டு வந்தா.

“கை மட்டும் காணும் அம்மம்மா.”

“அப்ப நான் இவ்வளவு நேரமும் சேலையைக் கையிலையோ தம்பி கட்டினனான்?”

இந்த இனத்துக்குச் சமைக்கிற கை பிடிக்கும், முகம் பிடிக்காது. ஒஸ்ரேலியாவின் பல்மேரா அமைப்பு 2015 இல் ‘ஹாண்ட்மேட்’ என்றொரு புத்தகம் போட்டது. இலங்கைப் பெண்களின் சமையற் குறிப்புகளோடு அவர்கள் பட்ட பாட்டையும் சேர்த்துச் சொல்கிற புத்தகம். அதைச் சொன்னேன். “அது வேற கொன்செப்ற் அண்ணை” என்றார். அவருடைய வேதம் 1968 முதல் டைம்-லைஃப் வெளியிட்ட உலக உணவுகள் வரிசை. மொத்தம் 27 தொகுதி. மனுசன் ஒன்றும் அறியாதவரில்லை. அதுதான் எங்களுக்கு வந்த வினை.

அவருக்கு வெளிச்சமும் சரிவராது. வெளியில் வெயில் கொளுத்தும். ‘லைட் இல்லை’ என்பார். இடியப்பம் காய்ந்து, சொதி ஆறி ஆடை கட்டி, ஈ வந்து குந்தின பிறகுதான் அவர் தேடின வெளிச்சம் வரும். பசியோடு நிற்கிறவனுக்கு முன்னால் கதிரையில் ஏறி நின்று புட்டைப் படம் எடுக்கிறவனை என்ன செய்யலாம்? விருந்தாளியாய்ப் போய்விட்டார்.

மூன்றாம் நாள், “சிரட்டையிலை கஞ்சி ஒண்டும் வேணும், முள்ளிவாய்க்கால் கஞ்சி” என்றார்.

“அது மே மாதத்திலை காய்ச்சிறது தம்பி. படத்துக்கில்லை” என்றா அம்மம்மா.

அன்றைக்கு அவர் பிறகு ஒரு படமும் எடுக்கவில்லை.

நாலாம் நாள் ஒடியற் கூழ். நந்திக்கடல் நண்டு, இறால், மீன்தலை, பயத்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் போட்டு, செத்தல் மிளகாய் அரைத்துவிட்டு, பழப்புளி கரைத்து இறக்கியாயிற்று. கூழின் குணம் தெரியும்தானே, நல்லதெல்லாம் அடியிலே. மேலே பார்த்தால் மாரிகாலத்து ஒழுங்கை. புத்தகத்தம்பி கமெராவுக்குள் பார்த்தார், சட்டிக்குள் பார்த்தார், கடைசியில் முற்றத்தில் விளையாடின பெடியளைப் பார்த்தார்.

“தம்பியவை, போளை இருக்கோ?”

பிறகுதான் கதையைச் சொன்னார். அமெரிக்காவில் காம்பெல் சூப் கம்பனி விளம்பரப் படத்துக்காகக் கோப்பை அடியில் கண்ணாடிப் போளை போட்டு மரக்கறியை மேலே தள்ளினதாம். 1970 இல் அரசாங்க வர்த்தக ஆணைக்குழு தலையிட்டு அந்த விளையாட்டை நிற்பாட்டினதாம். விசுவமடுவுக்கு ஆணைக்குழு வராது. தங்கச்சியின் மகனிடம் ஒன்பது போளை வாங்கி, கழுவி, மண்சட்டியில் பரப்பிக் கூழை வார்த்தார். நண்டுக்கால் எழும்பி நின்றது. இறால் மிதந்தது. நண்டுக்குத் தேங்காயெண்ணெய் வேறு பூசினார். இரண்டு மணித்தியாலம் படம் எடுத்தார். கூழ் இறுகிக் களியாகிவிட்டது.

நண்டு விற்கிற விலையில் யார் கொட்டுவது? அம்மா போளைகளைப் பொறுக்கி எடுத்துவிட்டு, படக்கூழைப் பெரிய பானையோடு கலந்து சூடாக்கினா. எல்லோரும் முற்றத்தில் குந்தினோம். புத்தகத்தம்பியும் பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, ஊதி ஊதிக் குடித்தார். உறைப்பில் மூக்கும் கண்ணும் ஓட இன்னும் ஒருக்கால் வார்க்கச் சொன்னார். அந்த முகத்தை எடுக்க ஒருவரிடமும் கமெரா இல்லை.

அப்போதுதான் மருமகன் வாளியோடு வந்தான்.

“மாமா, எட்டுத்தான் கிடக்குது.”

அம்மா அகப்பையால் பானையடியைத் துழாவினா. இல்லை. கோழியைப் பார்த்தோம். பிறகு, நாலாவது பிலாவிலையை அப்போதுதான் கீழே வைத்த பெரியப்பாவைப் பார்த்தோம்.

“ஒரு பலாக்கொட்டை அவியேல்லை எண்டுதான் நான் நினைச்சனான்” என்றார் அவர்.