தலை எண்ணும் அறிவியல்

2019 நவம்பரில் இந்தியப் பன்னாட்டு அறிவியல் திருவிழா கொல்கத்தாவுக்கு வந்தது. நியூ டவுனின் விஸ்வ பங்களா மாநாட்டு மையமும் சயன்ஸ் சிட்டியும் களங்கள். கின்னஸ் சாதனைக்காக 1,500க்கும் மேற்பட்ட மாணவர்களை ஒன்றாக உட்காரவைத்து, கையால் நிறமாலைமானி செய்யவைத்து, வானியற்பியல் பாடம் நடத்தினார்கள். கூட்டம் கூட்டினால் என்ன தப்பு, ஒரு பிள்ளைக்காவது பொறி தட்டாதா என்பார்கள். தட்டும். அந்தக் கருவி வழியே வெயிலில் ஒரே பட்டையாகத் தெரியும் நிறங்கள் டியூப்லைட் வெளிச்சத்தில் கோடுகோடாகப் பிரிவதைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் ஏன் என்று கேட்கும். விண்மீன் ஒளியிலும் தெரியும் இப்படிப்பட்ட கோடுகள் விண்மீனுக்கு விண்மீன் ஏன் மாறுகின்றன என்பதற்கு 1920இல் சமன்பாடு தந்த மேகநாத் சாகா இதே ஊர்ப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்தான். கின்னஸ்காரர் எண்ணுவது தலைகளை. கேள்விகளுக்கு அவரிடம் கட்டம் இல்லை.

பேராசிரியர்களுக்கு ஆராய்ச்சியே தலைக்குமேல் கிடக்கிறது, ஊருக்குப் பாடம் எடுக்க நேரமேது என்பது அடுத்த வாதம். கொல்கத்தாவில் வரிசையே தலைகீழ். 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் தொடங்கிய அறிவியல் கழகத்தில் முதலில் சூடுபிடித்தது பொதுச் சொற்பொழிவு. பாதிரியார் லாஃபோன் கருவிகளோடு வந்து செய்துகாட்டுவார். பெரிய ஆராய்ச்சி பிறகுதான். 1907இல் நிதித்துறை வேலைக்கு வந்த நம்மூர் ராமன், ஆபீஸ் நேரம் போக அங்கேதான் ஆய்வு செய்தார். 1928 பிப்ரவரி 28இல் அவர் கண்ட ராமன் விளைவு அந்தத் திறந்த கதவின் வரவு. அந்த நாளைத் தேசிய அறிவியல் நாளாக்கி, ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கூடங்களைத் திறந்துகாட்டிவிட்டு, மறுநாள் காலையில் மறக்காமல் பூட்டிவிடுகிறோம்.