மூடும் பொத்தான் எங்கே போச்சு?

2010 ஏப்ரலில் உபுண்டு இயங்குதளத்தின் 10.04 பதிப்பு வந்தது. நிறுவி முடித்து, ஒரு ஜன்னலை மூடலாமென்று மவுஸை வலது மூலைக்குக் கொண்டுபோனால் அங்கே பொத்தானே இல்லை. மூடு, சிறிதாக்கு, பெரிதாக்கு மூன்றும் இடப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தன. ராத்திரியோடு ராத்திரியாக வீட்டு வாசலைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிவிட்டதுபோல் இருந்தது. "யாரைக் கேட்டு மாத்தினான்?" என்று கத்தினேன். அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். "அதை எவ்வளவு குடுத்து வாங்கினீங்க?"

ஒரு பைசா கொடுக்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாங்கள் பல்லை எண்ணி, வாலை அளந்து, கொம்பு ஏன் வளைந்திருக்கிறது என்று பஞ்சாயத்தும் கூட்டினோம். உலகம் முழுக்க எழுந்த கூச்சலுக்கு உபுண்டுவைத் தொடங்கிய மார்க் ஷட்டில்வொர்த் சொன்ன பதிலின் சாரம் இது: இங்கே ஜனநாயகம் கிடையாது, வடிவமைப்பை ஓட்டுப் போட்டு முடிவு செய்வதில்லை. இவ்வளவு வெளிப்படையாக என்னிடம் எந்த வேட்பாளரும் பேசியதில்லை.

பொத்தான் விவகாரமாவது கைப்பழக்கம். படம் திருத்தும் மென்பொருளான ஜிம்ப் விஷயத்தில் மானமே போயிற்று. எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் அழைப்பிதழ் வடிவமைப்பது நான்தான். 2012 மேயில் ஜிம்ப் 2.8 வெளிவந்தது. அதுவரை கோப்பின் பெயருக்குப் பின்னால் ஜேபெக் என்று போட்டு சேவ் செய்தால் ஜேபெக் கிடைக்கும். இப்போது சேவ் என்றால் ஜிம்ப்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் மட்டுமே. ஜேபெக் வேண்டுமென்றால் எக்ஸ்போர்ட் என்ற வேறு வாசலுக்குப் போக வேண்டும். நான் ஜேபெக் என்று போட்டேன், முடியாது என்றது. எப்படியோ போ என்று அது சொன்னபடியே சேவ் செய்து, ஒரு காதணி விழா அழைப்பிதழை அச்சகத்துக்கு அனுப்பிவைத்தேன். அரை மணியில் போன். "தம்பி, படம் திறக்கவே மாட்டேங்குது. வைரஸ் கிய்ரஸ் அனுப்பிட்டீங்களா?"

அன்று நான் திட்டிய திட்டில் அந்த நிரலாளர்களுக்குப் புரை ஏறியிருக்கும். இத்தனைக்கும் திரை முழுக்கச் சிதறிக் கிடந்த துண்டு ஜன்னல்களை ஒரே ஜன்னலுக்குள் அடக்கும் வசதியும் அதே பதிப்பில்தான் வந்தது. வருஷக்கணக்காக நாங்கள் கேட்டது. அதற்கு நான் ஒரு நன்றி சொல்லவில்லை. பாயசத்தை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ரசத்தில் உப்பில்லை என்று முறைக்கிற சம்பந்தி நான்.

சேவ் விஷயத்தில் ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஜேபெக்கில் லேயர்கள், அதாவது படத்தின் தனித்தனி அடுக்குகள், தங்காது. எல்லாம் ஒட்டி ஒரே படமாகிவிடும். 2009இல் ஒரு கல்யாணப் பத்திரிகையை அப்படித்தான் ஜேபெக்காக மட்டும் சேவ் செய்துவைத்தேன். மாப்பிள்ளையின் இனிஷியல் தப்பு என்று மறுநாள் வந்தார்கள். அந்த ஓர் எழுத்துக்காக விடிய விடிய முழுப் பத்திரிகையையும் புதிதாகச் செய்தேன். ஜிம்ப் அப்போதும் எச்சரித்தது. படிக்காமல் தட்டிவிட்டது நான். என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றத்தான் இந்த மாற்றமே என்று புரிந்தபோது கோபம் தணியவில்லை, இன்னும் ஏறியது.

எனக்காவது கோபம் வாயோடு போயிற்று. 2011இல் குனோம் 3 மேசைத்தளம் வந்து, சிறிதாக்கும் பொத்தானையே எடுத்துவிட்டபோது, உபுண்டுவுக்கு அடித்தளமான லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸே பொறுக்க முடியாமல் எக்ஸ்எஃப்சிஇ என்ற வேறொரு மேசைத்தளத்தின் பக்கம் போய்விட்டார். அர்ஜென்டினாக்காரர் ஒருவர் பழைய குனோம் 2இன் நிரலை எடுத்துத் தனிக்குடித்தனம் வைத்து, தங்கள் ஊர்ப் பானத்தின் பெயரையே சூட்டினார்: மாத்தே. நம்மூர்க்காரர் எவராவது பிரிந்துபோயிருந்தால் இந்நேரம் 'சுக்குமல்லிக் காபி' என்றொரு மேசைத்தளம் இருந்திருக்கும்.

2017 அக்டோபரில் உபுண்டு 17.10 வந்தது. பொத்தான்களை மறுபடி வலப்பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஏழு வருஷத்துக்கு முன் நான் கேட்ட நியாயம் கிடைத்துவிட்டது. மவுஸ் இடது மூலைக்குப் போனது, அங்கே ஒன்றுமில்லை. "யாரைக் கேட்டு மாத்தினான்?" என்று கத்தினேன். இந்தத் தடவை மனைவி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கட்டளையைத் தேடிப் பிடித்து, பொத்தான்களை இடப்பக்கமே திருப்பி வைத்துக்கொண்டேன்.

2025 மார்ச்சில் ஜிம்ப் 3.0 வெளிவந்திருக்கிறது. இன்னும் நிறுவவில்லை. உட்கார்ந்து திட்ட ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை ஒழிய வேண்டும்.